பழைய பம்பு

அம்மாவுக்கு, மகன் லீபானின் சலாம். மூட்டுவலி குறைந்ததா? பெட்டை ஒட்டகம் கன்று போட்டதா? நான் நலம்தான், இந்த எயில் துறைமுகத்தில் காற்றுதான் இன்னும் ஓயவில்லை.

பட்டறையில் வேலை மந்தம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சோறு போடும் உபாஹ் அக்காவின் கணவர் கூலேத், படகேறி நாற்பது நாளாகிறது. மீன்பிடிக்க என்றுதான் சொன்னார். துப்பாக்கியும் ஏணியும் வைத்துக்கொண்டு யார் மீன் பிடிப்பார்கள்? கப்பல் கடத்தத்தான் போனார். அந்தப் படகின் எஞ்சினைப் பழுதுபார்த்தவன் நான். போன வாரம் பட்டறை வாசலில் எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டாள்.

"உன் எஞ்சின் நல்லா இருந்துச்சா தம்பி?"

நன்றாக இருந்தது என்றால் ஆள் எப்போதோ திரும்பியிருக்க வேண்டும். எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோயிருந்தால், படகு மிதந்து ஏமன் பக்கம் கரையேறியிருக்கலாம்.

"இல்லக்கா, பழைய பம்பையே போட்டு ஒப்பேத்திட்டேன்."

"நாசமாப் போறவனே, அதைச் சொல்ல இத்தனை நாளா உனக்கு?"

திட்டித் தீர்த்தாள். ஆனால் பல நாளுக்குப் பிறகு அன்று மத்தியானம் அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு ஒப்பேத்தி லீபான் என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. ஒருவரும் எஞ்சின் கொண்டுவருவதில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். அவர் திரும்பி வரும்போது கொஞ்சம் தேயிலையும் நீங்கள் உருக்கிய நெய்யும் கொடுத்துவிடுங்கள். கூடவே, கணவனை இழந்தவர்கள் உடுத்தும் வெள்ளைத் துணி ஒன்றும் வேண்டும். இங்கே கடையில் வாங்கினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பம்பு புதுசு அம்மா. நானே உறை பிரித்து மாட்டினேன்.