கல்லுக்கு ஒரு வரி

பிப்ரவரி 9

என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியத்துக்கு,

மாமா நலம். நீயும் உன் பள்ளிக்கூடமும் நலந்தானே? அந்த வெளிநாட்டு ஊர்க்காரர்களுக்கே நீ இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கடைக்குத் துணி கொண்டுவருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வகுப்பில் நாற்பது பேர் என்று எழுதியிருந்தாய். நான் நானூறு என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் சமாளித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன், உன் அத்தான், போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. அவன் இருந்த ஊரிலேயே நீயும் இருப்பது நல்லதாகப் போயிற்று. அவன் வீட்டுக்காரி உன் மூலம் கேட்டனுப்பியதைப் படித்தேன். கல்லறைக்குக் கல் வைக்கிறாளாம். அவன் பெயருக்குக் கீழே, அப்பா சொல்கிற மாதிரி ஒரு வரி இங்கிலீஷில் வேண்டுமாம். ஆள் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த துறைமுக அதிகாரி ஒருவர், என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு, தூக்கிய கையை இறக்க மறந்து நின்றது இந்தக் கடையில்தான்.

வரி தயார்: 'தி ஒன்லி சன் ஆஃப் தி கிரேட் மாஸ்டர் டெய்லர் ஹூ ஸ்டிச்ட் தி கோட் ஆஃப் தி மினிஸ்டர்.'

ஒரே ஒரு சந்தேகம். இந்த 'தி' எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது? தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விடுவதுபோல, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் விட்டிருக்கிறேன். அதிகமாக இருந்தால் நீ பிடித்துவிடு.

நானும் அவனும் கடைசிவரை சிநேகிதர்கள் மாதிரி இருந்தோம் என்பதையும் அவளிடம் சொல். கல்யாணத்துக்குக் கோட்டு வேண்டும் என்று அளவு எழுதி அனுப்பினான். நான் தைத்தனுப்பியது தபாலில் தொலைந்துவிட்டது. எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். கல்யாணம் பிடிக்காமல் நான் பேச்சை விட்டேன் என்பதெல்லாம் ஊர் கட்டிவிட்ட கதை.

உன் தாய்மாமன்,
மாஸ்டர்

பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, காலி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் உங்கள் சந்தேகம். எதைச் சொல்கிறோம் என்று சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்திருந்தால் 'தி' வரும். அன்பு, பொறுமை, துக்கம் என்று பொதுவாகச் சொல்லும்போது முன்னால் ஒன்றும் வேண்டாம். படுக்கப் போனான், வீட்டுக்குப் போனான் என்பதற்கும் வேண்டாம். ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது வேண்டவே வேண்டாம்.

ஆனால் எல்லா 'தி'யையும் எடுத்தாலும் இந்த வரி கல்லில் அடங்காது மாமா. அது ஒரு முழ அகலம்தான். தவிர, அந்த வரியில் நீங்கள் இருக்கிறீர்கள், மந்திரி இருக்கிறார், அத்தானைத்தான் காணோம்.

கோட்டு விஷயத்தை நான் அவளிடம் சொல்லமாட்டேன். அந்த நீலத் துணி வெட்டாமல் உங்கள் கடை அலமாரியில் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தான் அனுப்பிய அளவுச் சீட்டு அதன் மேலேயே குத்தியிருந்தது.

கோபப்படாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்

மார்ச் 8

வாத்தியாரம்மாவுக்கு,

கோபமா, எனக்கா? நீ பார்த்தது வேறு துணி. அதே நீலத்தில் இரண்டு வாங்கினேன். மந்திரி வீட்டில் ஒன்று கேட்டிருந்தார்கள். அடுத்தவர் அலமாரியைத் துழாவுகிற பழக்கம் உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்தது.

'தி' சமாசாரம் எனக்கு ஒப்பவில்லை. மந்திரிக்கு வேண்டுமாம், அன்புக்கு வேண்டாமாம். என்ன நியாயம் இது? முன்னால் ஒன்றுமில்லாத சொல், காலர் வைக்காத சட்டை மாதிரி வெறும் கழுத்தோடு நிற்கிறது. பக்கத்து மருந்துக் கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். என் வரியைக் கேட்டு அழுதே விட்டார். நான் அழவில்லை. சேதி வந்த அன்றும் கடை திறந்து மூன்று பேண்ட் முடித்தேன். ஒன்றில் மட்டும் ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அது துணியின் கோளாறு.

உனக்காக மந்திரியை எடுத்துவிட்டேன். இப்போது: 'சன் ஆஃப் தி கிரேட் மாஸ்டர் டெய்லர்.' இதற்குமேல் ஒரு தையலும் பிரிக்கமாட்டேன்.

மாஸ்டர்

மார்ச் 21

மாமா,

நேற்று அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குள்ளேயே குளிர். அத்தானுடைய ஸ்வெட்டரைக் கை மடித்துப் போட்டிருந்தாள். கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். அத்தான் போட்டிருந்தது இரவல் கோட்டு, கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. "உன் மாமா தைச்சது மட்டும் வந்து சேர்ந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "எங்கப்பா தைச்சு அனுப்பிட்டார், தபால்ல தொலைஞ்சுபோச்சு" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் ஒருவர் விடாமல் அத்தான் சொன்னாராம். அதற்குப் பிறகும், தெருவில் பார்சல் வண்டி நின்றால் போதும், "போய்ப் பாரு, என் கோட்டா இருக்கும்" என்பாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைக்கும் அந்தப் பேச்சு இருந்ததாம்.

அங்கே நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த தபால் கதையை நாங்கள் யாரும் அவருக்கு எழுதியதில்லை மாமா. அவராகவே சொன்னது.

நான் அவளைத் திருத்தவில்லை. வரியைப் பற்றி அவள் கேட்டது ஒன்றுதான். வீட்டில் அப்பா அவரை எப்படிக் கூப்பிடுவார்? எனக்குத் தெரியும். ஆனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அக்கா மகள்

ஏப்ரல் 17

அம்மாடி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

குண்டூசி. வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அதைத்தான் பொறுக்கிக்கொண்டிருப்பான்.

கல்லில் அது மட்டும் போதும். முன்னால் ஒன்றும் வேண்டாம் என்று நீதான் சொன்னாய். பின்னால் நானும் வேண்டாம். கல் செதுக்குகிறவருக்கு நம் எழுத்து தெரியாது. அதனால் அளவு வெட்டும் தடித்தாளில் எழுத்துகளை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். கல்லின் மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டுக்கொள்ளச் சொல். 'ண்' மேல் வருகிற புள்ளி தனித் துண்டு. தொலைந்துபோகாமல் இருக்க ஊசியால் குத்தியிருக்கிறேன்.

மருமகள் ஸ்வெட்டரைக் கை மடித்துப் போட்டிருந்தாள் என்று எழுதியிருந்தாய். அவளுடைய தோள், மார்பு, கை நீளம் எடுத்து அனுப்பு. நீலம் பிடிக்குமா என்றும் கேள். துணி இருக்கிறது.

தபாலை நம்புவதற்கில்லை. லீவுக்கு வரும்போது நீயே வாங்கிக்கொண்டு போ.

மாமா