அப்பாவின் திங்கட்கிழமை வீக்கம்

என் கண்ணு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் முழு நலம், அப்பா முக்கால் நலம், மீதிக் கால் பங்கு கன்னத்தில் வீக்கமாக இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நேரத்தோடு தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்பாமல் வேறு என்ன செய்வது.

போன தடவை பேசும்போது நீ அழுதது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இந்த வருஷம் லீவுக்கு வர முடியாதுன்னு சொன்னதுலேர்ந்து அப்பா வீடியோவுல முகமே காட்டல, என் மேல கோபம்தானேம்மா என்று கேட்டாய். அவர் பக்கத்திலேயே நின்று கையைக் கையை ஆட்டியதால் நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். கோபமும் இல்லை கீபமும் இல்லை. காட்டுகிற நிலையில் முகம் இல்லை, அவ்வளவுதான்.

உன் அப்பா டை அடிப்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கார் ஓட்டப் பழக அவரிடம் வருகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயந்திரம் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, விசிலும் அடித்துக்கொண்டு, தலைக்கு மாதம் ஒரு தடவை, மீசைக்கு வாரா வாரம். வெளியே வந்ததும் எங்க வம்சத்துலயே யாருக்கும் நரைக்காது என்பார், நானும் ஆமாங்க, குடுத்து வச்சவங்க என்பேன். இத்தனை வருஷக் குடித்தனமும் இப்படிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நல்லபடியாகத்தான் நடந்தது.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மேலுதடு பன் மாதிரி உப்பியிருக்கிறது, அரிப்பு வேறு. உன் மாமாதான் தெரியுமே, மருந்துக்கடையில் நாலு நாள் வேலை பார்த்துவிட்டுத் தன்னை அரை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், அவன் வந்து, நேத்து முட்டை சாப்பிட்டீங்களா அத்தான் என்றான். முட்டை நின்றது. அடுத்த திங்கட்கிழமையும் வீக்கம், வேர்க்கடலை நின்றது. அப்புறம் கத்தரிக்காய், மீன், பால் எல்லாம் வரிசையாக நின்றுபோய், கடைசியில் வெறும் சோறும் அவித்த சுரைக்காயும்தான் மிச்சம். அப்போதும் வீக்கம் குறையவில்லை. உன் மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒருவேளை அக்காவே ஒத்துக்கலையோ என்னவோ, கொஞ்ச நாள் எங்க வீட்டுல வந்து இருக்கட்டுமே என்றான். அதையும் பாத்துடலாமே என்று உன் அப்பா சொன்னார் பார், அன்றைக்கு அந்தச் சுரைக்காயிலும் உப்புப் போடவில்லை நான்.

டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு ஏதாவது போடுறீங்களா சார் என்று அவர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இவரோ ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, எண்ணெய் மட்டும்தான் டாக்டர் என்றார். அங்கே வைத்து மனுஷன் மானத்தை வாங்க மனசு வரவில்லையடி. வீட்டுக்கு வந்து டை பாக்கெட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். சனிக்கிழமை குளியலறையை உருட்டோ உருட்டென்று உருட்டினார். என்னங்க தேடுறீங்க என்றேன், சீப்பு என்றார். சீப்பு சட்டைப் பையில் இருக்கிறது. அப்புறம் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர், புது பாக்கெட்டையே வாங்கி வந்து, விட்டதற்கும் சேர்த்துத் தலை முழுக்க அப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை இரண்டு கண்ணும் திறக்கவில்லை. நெற்றி, காது எல்லாம் வீங்கி, எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். அப்படியே கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நேரே டாக்டரம்மாவிடம் போய், டை அடிக்கிறார் டாக்டர், பல வருஷமா அடிக்கிறார் என்று போட்டு உடைத்துவிட்டேன். பேந்தப் பேந்த விழிப்பதற்குக்கூடக் கண் திறக்காமல், உனக்குத் தெரியுமா என்றார். தலையணை உறைய யாருங்க துவைக்கிறது என்றேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் குனிந்து ஏதோ தேடினார்.

பல வருஷம் ஒத்துக்கொண்ட சாமான்கூட ஒருநாள் திடீரென்று உடம்புக்குப் பிடிக்காமல் போகுமாம், அதற்கு வயசு வரம்பே கிடையாதாம். போட்டதும் வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வீங்குவதால்தான் பாவம் முட்டையும் கடலையும் பழி சுமந்தன. இனிமேல் தொட்டால் இதைவிட மோசமாகலாம், வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீயும் முடிக்குச் சிவப்புப் பூசிப் படம் அனுப்பினாயே, ஜாக்கிரதை, உடம்பில் ஓடுவது அவர் ரத்தம்.

இப்போது வீக்கம் வடிந்துகொண்டு வருகிறது, நரை வளர்ந்துகொண்டு வருகிறது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போதும் தொப்பி, சாப்பிடும்போதும் தொப்பி. பிள்ளைகிட்ட பேசுங்க, அது அழுதுங்க என்று நேற்று சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதப் பாத்தா அப்பாவுக்கு வயசாயிடுச்சேன்னு நினைக்கும், வர முடியலையேன்னு அங்க தனியா உக்காந்து இன்னும் அழும் என்றார். இதுதானடி அவர் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை தொப்பி இல்லாமல் பேச வைக்கிறேன். நீ நல்லா இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவரைப் பார்த்ததும் அழாதே, சிரித்தும் தொலைக்காதே, அழகா இருக்கீங்கப்பா என்று சொல்லு. பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதே, எதிரில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார், பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா