கறவை நேரத்தில் ஒரு கூட்டம்

எல்க் ஹாலோ, விஸ்கான்சின்
அக்டோபர், ஞாயிறு மதியம்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், வாஷிங்டனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். உன் தம்பி டேலின் பெண்டாட்டி கெய்லாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. குறையெல்லாம் ஆஸ்பத்திரியில்தான். புத்தாண்டோடு நம் ஊர்ப் பிரசவ வார்டை மூடுகிறார்களாம், ஜனவரியில் இவளுக்கு வலி எடுத்தால் பனியில் ஒன்றரை மணி நேரம் டேல் வண்டி ஓட்ட வேண்டும்.

அதைக் கேட்கத்தான் நீ பிரசார வேலை பார்க்கிற உங்கள் முற்போக்கு வேட்பாளர் மெரிடித் ஸ்லோன் அம்மையாரின் கூட்டத்துக்கு செவ்வாய்க்கிழமை முதல் ஆளாகப் போனேன். சாயங்காலம் ஐந்து மணி, நம் சர்ச் ஹாலில். மடி கனத்து ஊர் மாடுகளெல்லாம் கத்துகிற நேரமாகப் பார்த்து வைத்த அந்தப் புண்ணியவானை வாழ்த்தத்தான் வேண்டும். நாற்பது நாற்காலி போட்டேன், ஆறு நிரம்பியது, அதில் ஒன்றில் போதகரின் கோட்டு. கூட வந்த பெண் போனில் யாரிடமோ, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எது நல்லதுன்னே தெரியல, பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காப்பிக் கெண்டியோடு பின்னாலேயே நின்ற நான், ஜனங்க தொழுவத்துல இருக்காங்க கண்ணு, மாட்டுக்குக் கட்சி தெரியாது, மடி வலிதான் தெரியும் என்றேன். சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டாள். அம்மையார் கிராம சமூகங்களின் மீள்திறன் பற்றி அழகாகப் பேசினார், அது நம் கொட்டகையில் இருக்கிறதா என்று டேலைத் தேடச் சொல்லியிருக்கிறேன். வார்டைப் பற்றிக் கேட்டேன். விரிவான திட்டம் இருக்குங்க, எங்க இணையதளத்துல பாருங்க என்றார். மழை பெய்தால் நம் வீட்டில் இணையமே வராது, நல்ல திட்டம் போலிருக்கிறது, வெயில் வரட்டும். ஆப்பிள் பை நீட்டினால் சீனி சாப்பிடுவதில்லையாம். அன்றைய காப்பிச் செலவை மாதர் சங்கக் கணக்கில் மிஷன் ஊழியம் என்று எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை அவரை எதிர்த்து நிற்கிற நம் இப்போதைய பிரதிநிதி டுவேன் ஹால்வர்சன் வந்தார். எட்டு மணிக்கு, கறவை முடிந்து எல்லாரும் குளித்த பிறகு. ஆப்பிள் பை இரண்டு துண்டு தின்றார், நொண்டுகிற நம் பசு டெய்சிக்கு எப்படி இருக்கிறது என்று பேர் சொல்லி விசாரித்தார், என் பக்கத்தில் நின்று தட்டெல்லாம் துடைத்தார். வார்டுக்கான பணத்தை வெட்டக் கையெழுத்துப் போட்டதும் அதே கைதான். கேட்டதற்கு, ஆண்டவர் பாத்துப்பாரு வெர்னா என்றார். ஆண்டவர் பிரசவமும் பார்ப்பார் என்று எனக்கு இதுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து அப்பா, என்ன இருந்தாலும் நம்ம ஆளு என்றார். நம்ம ஆளுதான் நம்ம வார்ட மூடுறாரு என்றேன். இருக்கட்டுமே, நேரத்துக்கு வந்தாரில்ல என்கிறார் மனுஷன்.

இன்று காலை ஹாலைப் பெருக்கும்போது அம்மையாரின் கூட்ட நோட்டீஸ் கிடந்தது. நேரம் குறித்தவர் என்று கீழே உன் பெயர். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் ஒவ்வொரு விடியலும் கறந்துவிட்டுப் போன பிள்ளை நீ. யாரோ நகரத்துப் பெண் செய்த தப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பொய் சொன்னேனே என்று ஜெபிக்க உட்கார்ந்தேன், அது பொய்யில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த அம்மையாரை இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வா. ஞாயிறு ஆராதனை முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். பேச்சு வேண்டாம், கையில் தட்டுத் துடைக்க ஒரு துணி போதும், ஆப்பிள் பையைக் கொறிக்கவாவது சொல். கெய்லாவை முன்னால் உட்கார வைக்கிறேன், அவள் முகத்தைப் பார்த்து வார்டு இருக்குமா இருக்காதா என்று ஒரே வார்த்தை சொல்லட்டும். என் ஓட்டு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கறவை காலையிலும் ஐந்து, சாயங்காலமும் ஐந்து, மறந்திருந்தால் எழுதி வைத்துக்கொள்.

உன் அம்மா,
வெர்னா