நான் அணைத்த விளக்கு

அண்ணே,

இன்று காலை செல்லூர்ப் பட்டறைக்கு ஒரு கார் வந்து நின்றது. முன்சக்கரத்தில் பிரேக் கருகிய வாடை. குனிந்ததும் என் தாடை விண்ணென்று தெறித்தது. நீங்கள் இறந்து எட்டு மாதமாகிறது. துக்கம் கேட்க வந்தபோது மதினியிடம் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

அந்தப் பழைய எஸ்யூவியை நீங்கள் கொண்டுவந்தபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஸ்கேனர் வைத்திருந்த பட்டறைகள் மதுரையில் அப்போது குறைவு; அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். வண்டி திருப்பத்தில் தடம் மாறினால் தானாகவே பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. அதற்கான ஆரஞ்சு விளக்கு அணையாமல் எரிகிறது என்றீர்கள். ஸ்கேனரை மாட்டினேன். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் சென்சாரில் பிழை என்று காட்டியது. ஏன் என்று பார்க்கவில்லை. பிழையை அழித்தேன், விளக்கு அணைந்தது. நேர்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன்.

“சரியாயிருச்சு, தைரியமாப் போங்கண்ணே” என்றேன்.

மூன்றாம் நாள், கோச்சடை தாண்டி ஒரு வளைவில் நீங்கள் வேகமாக இடப்பக்கம் ஒடிக்க, வண்டி தானாகப் பிரேக் பிடித்து, இன்னும் இடப்பக்கமே இழுத்துப் புளியமரத்தில் மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த மதினியின் கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பட்டப்பகலில் வந்தீர்கள். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. நான் எழுவதற்குள் வீல் ஸ்பேனரை எடுத்து என் தாடையில் இறக்கினீர்கள். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. விழுந்தவனுக்குத் தோளில் இரண்டு, விலாவில் ஒன்று. ஆயில் படிந்த தரையில் என் பற்கள் இரண்டு கிடந்தன. நீங்கள் கத்தவில்லை.

“இனி அவ எப்பிடிடா நடப்பா?” என்று மட்டும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு மறுபடி அடித்தீர்கள்.

ஜாக் நழுவி வண்டி விழுந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. என் மேல் எனக்கே சந்தேகம் இருந்தது.

தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அப்படியே உங்கள் வண்டி நொறுங்கிக் கிடந்த இடத்துக்குப் போனேன். முன்சீட்டுகளுக்கு நடுவிலிருந்த மூடியைக் கழற்றினால், உள்ளங்கையளவு சென்சார் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் வெல்டிங் தடம். ஏற்கெனவே மோதிய வண்டியை யாரோ ஒட்டுப்போட்டு விற்றிருக்கிறார்கள். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் என்று அந்தச் சென்சார் பொய் சொல்லியிருக்கிறது. வண்டி அந்தப் பொய்யைக் கண்டுபிடித்து, பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டையே நிறுத்தி வைத்துவிட்டுத்தான் விளக்கைப் போட்டிருக்கிறது. அதை மறுபடி ஓடவிட்டவன் நான்; வண்டி வலப்பக்கம் ஓடுவதாக நம்பி, அது இன்னும் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. ஸ்கேனரைப் பார்த்தபடி ஒரே ஒரு வளைவில் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

பேச முடியாததால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களிடம் நீட்டினேன். முதல் பாதியைத்தான் படித்தீர்கள். கசக்கிப் போட்டுவிட்டு பைக்கை எடுத்தீர்கள். நான் பின்னால் ஏறினேன். தள்ளிவிட்டீர்கள், மறுபடி ஏறினேன். வழியில் வீட்டில் நிறுத்தி அரிவாளை எடுத்துக்கொண்டீர்கள்.

வண்டியை விற்ற புரோக்கர் வில்லாபுரத்தில் தன் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தீர்கள். முதல் வெட்டு அவர் முழங்கையில் விழுந்தது. ஒட்டுப்போட்ட வண்டி என்று தெரியும், சென்சார் விஷயம் தெரியாது என்று காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். நீங்கள் மறுபடி ஓங்கினீர்கள். நான் அரிவாளின் கூர்ப்பக்கத்தையே பிடித்தேன். உள்ளங்கை பிளந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்ததில் தாடைக் கம்பி அறுந்து வாயெல்லாம் ரத்தம்.

“மிச்சத்தையும் படிங்கண்ணே. லைட்ட அணைச்சது நாந்தான். வெட்டுனா என்னையும் வெட்டணும்.”

என்னையே பார்த்தீர்கள். அடுத்த வெட்டு எனக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அரிவாளை விட்டுவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

“ஓட்டுனது நாந்தானேடா” என்றீர்கள்.

புரோக்கரை வெட்டியதற்காக ஏழு மாதம் சிறையில் இருந்தீர்கள். விசாரணையில் என் தாடையைப் பற்றியும் கேட்டார்கள். ஜாக் நழுவியது என்றே சொன்னேன்.

வெளியே வந்த மறுவருடம் இன்னொரு பழைய வண்டி வாங்கி, என்னிடமே கொண்டுவந்தீர்கள். மதினி பொய்க்காலோடு பின்சீட்டில் இருந்தார். ஊரில் இத்தனை மெக்கானிக் இருக்க என்னிடம் ஏன் என்று கேட்டேன்.

“செஞ்ச தப்பச் சொல்றதுக்கு அருவாளப் பிடிச்சவன் நீ. வேற எவன நம்பச் சொல்ற?”

அன்று உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே வளைவில் நான்கு முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் மரத்தருகே மதினி கண்ணை மூடிக்கொண்டார். நீங்கள் மூடவில்லை.

இப்போதெல்லாம் காரணம் தெரியாமல் எந்த வண்டியின் சாவியையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. பொறுமையில்லாதவர்கள் வேறு பட்டறைக்குப் போகிறார்கள். போகட்டும். உங்களை மன்னித்தேனா என்று எனக்கு இன்னும் தெரியாது, நீங்களும் கேட்டதில்லை. ஆனால் வில்லாபுரம் தெருவில் உங்கள் முன்னால் என் தப்பை ஒத்துக்கொண்ட பிறகு, அதை யாரிடம் சொல்லவும் எனக்குப் பயம் வந்ததே இல்லை அண்ணே.