தீயில்லாத அடுப்பு

1987 ஜூன் 14, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. தம்பி குமார் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தான். ஆள் பாதியாகிவிட்டான். டாக்ஸி மேலே கட்டியிருந்த பெரிய பெட்டி ஊறிப்போயிருந்தது. நல்லவேளை, உள்ளே நனையவில்லை.

அடுத்த வீட்டு அம்மிணிச் சேச்சி எட்டிப் பார்த்து மலையாளத்தில், "டி.வி. ஆணோ மோளே?" என்றாள். டி.வி. இல்லை. மைக்ரோவேவ் ஓவன். அடுப்பாம், ஆனால் தீ கிடையாதாம். குமார் வேலை செய்கிற ஹோட்டலில் இதில்தான் எல்லாம் சூடாக்குவார்களாம்.

அண்ணி அதைக் கூடத்து மேஜையில் வைக்கச் சொன்னாள். மேலே லேஸ் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. ஏழு மாத வயிற்றோடு நின்று நின்று அழகு பார்த்தாள்.

என் மாத்திரையைப் போட்டாயிற்று.

ஜூன் 16, செவ்வாய்

பெரிய ப்ளக் வைக்க எலக்ட்ரீஷியன். சாதாரண ப்ளக்கில் ஓட்டினால் வயர் உருகிவிடுமாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். குமார் லேஸ் துணியை எடுத்துவிட்டான். "மேல துணி போட்டா அதுக்கு மூச்சு முட்டும் அண்ணி." அண்ணி முகம் தொங்கிப்போனது.

முதல் சாயா. அண்ணி ஆசையாகத் தன் கல்யாணக் கோப்பையைக் கொடுத்தாள், விளிம்பில் தங்கக்கோடு போட்டது. வைத்ததும் படபடவென்று பொறி. எல்லோரும் பின்னால் ஓடினோம். குமார் கதவைத் திறந்ததும் நின்றது. அண்ணன் ஓவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எப்போதும் அப்படித்தான்.

குமார் அண்ணிக்குச் சொன்னது. எனக்கில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.
- எவர்சில்வர், பித்தளை, கோடு போட்ட கோப்பை கூடாது. கண்ணாடி, பீங்கான் மட்டும்.
- காலியாக ஓட்டக்கூடாது. தெரியாமல் யாராவது திருகிவிட்டால்? உள்ளே ஒரு கிளாஸ் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.
- முழு முட்டை வெடிக்கும்.
- மூடியை எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும்.
- சிந்தினால் அன்றைக்கே துடைக்க வேண்டும். உப்புக் காற்று, துரு பிடிக்கும். எறும்பு வேறு.

ஜூன் 19, வெள்ளி

அண்ணன் வேலைக்கு, அண்ணி செக்கப்புக்கு. குமார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, நீ இதுல சமைக்கலாமே. தீதான் இல்லைல்ல?"

இடது கையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அது முதல்தடவை வந்தபோது மண்ணெண்ணெய் ஸ்டவ் முன்னால் நின்றிருந்தேன். கல்யாணம் முடிந்த வருஷம். விழுந்தது தெரியாது. கை வெந்தது தெரியாது. வலிப்பு என்ற வார்த்தையையே ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். கட்டுப் பிரிக்கும் முன்பே புருஷன் வீட்டார் என்னையும் ஒரு பையையும் இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள். "மறைச்சுத் தலையில கட்டிட்டீங்க." யாரும் மறைக்கவில்லை. எங்களுக்கே தெரியாது.

அன்றிலிருந்து அடுக்களை வாசலோடு சரி. அரிசி களைவேன், குழாயடியில் பாத்திரம் கழுவுவேன். போட்டதைச் சாப்பிடுவேன்.

ஜூன் 21, ஞாயிறு

குமார் அண்ணனிடம் கேட்டேவிட்டான்.

"தீயாவது கண்ணுக்குத் தெரியும். கரண்ட் தெரியுமாடா?"

"கதவ மூடினாத்தான் ஓடும் அண்ணே. நேரம் முடிஞ்சா மணி அடிச்சுத் தானா நின்னுரும்."

"நீ ஃபிளைட் ஏறிப் போயிருவே. இவ விழுந்தா நான்தான் வாரி எடுக்கணும்."

நான் அதே அறையில்தான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டு.

ஜூலை 10, வெள்ளி

குமார் போய்விட்டான். வாசலில் என் காதருகே, "தண்ணில தொடங்கு அக்கா," என்றான்.

ஜூலை 13, திங்கள்

அண்ணியைப் பிரசவத்துக்குத் தோப்பும்படியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவந்தார் அண்ணன். வீடே வெறிச். ஹோட்டல் பொட்டலம் இரண்டு வேளையும். அண்ணனுக்கு வயிறு எரிச்சல், சொல்லமாட்டார். பகலில் அம்மிணிச் சேச்சி அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

தண்ணீரில் தொடங்கினேன். ஒரு கிளாஸ். உள்ளே விளக்கு எரிய, தட்டு மெல்லச் சுற்றியது. மணி அடித்தபோது திடுக்கிட்டேன். தொட்டுப் பார்த்தேன், சூடு. என் கையால் காய்ச்சிய தண்ணீர். சாயாப்பொடி போடத் தோன்றவில்லை, வெறுமனே குடித்தேன்.

ஜூலை 15, புதன்

முட்டை. உடைத்து ஊற்றினேன், மஞ்சளைக் குத்த மறந்தேன். டப்! உள்ளே கூரையெல்லாம் மஞ்சள். சேச்சி சிரித்துச் சிரித்துத் திணறிப்போனாள். எலுமிச்சை பிழிந்த தண்ணீரை உள்ளே கொதிக்கவிட்டு, ஆவி படிந்ததும் மெல்லிய துணியால் துடைத்தேன். சுரண்டக்கூடாது. நாற்றமும் போயிற்று. கண்ணாடித் தட்டை ஆறியபிறகு கழுவினேன்.

ஜூலை 16, வியாழன்

ரேஷன் பச்சரிசி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்குக்கு மேல். ஆழமான கண்ணாடிப் பாத்திரம். இல்லாவிட்டால் பொங்கிவிடும். நடுவில் நிறுத்திக் கிளறினேன். மின்சாரம் குறைவாக வந்ததால் நேரம் கூடப் பிடித்தது. ஓரம் கொஞ்சம் காய்ந்தது, நடு நல்ல பதம்.

அண்ணனுக்குத் தட்டில் போட்டேன். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்.

"சேச்சி குடுத்ததா?"

"நான் வச்சது."

ப்ளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுற்றி ஓவன்மேல் வைத்தார். வெளியே போய்விட்டார். சோறு அப்படியே.

ஜூலை 17, வெள்ளி

ப்ளக்கை மாட்டினேன்.

ஜூலை 20, திங்கள்

அது வந்தது.

அரிசி வைத்துக் குமிழைத் திருகியது நினைவிருக்கிறது. பிறகு தரை. ஈரமான கன்னம், நாக்கில் இரத்தம். மழைச் சத்தம். முதலில் மூக்குதான் விழித்தது. கருகல் வாடை இருக்கிறதா என்று தேடியது. இல்லை. இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தேன். தோல் தோலாக இருந்தது.

ஓவன் தானே நின்றிருந்தது. கதவைத் திறந்தேன். சோறு வெந்து, ஆறி, கிடந்தது.

அழுகை அப்போதுதான் வந்தது.

சேச்சி ஓடி வந்து முகம் துடைத்துவிட்டாள். "அண்ணன்கிட்ட பறயண்டா மோளே. ஞானும் பறயில்லா." அண்ணனிடம் சொல்லாவிட்டால் ஓவன் எனக்கு. சொன்னால் போய்விடும். சாயங்காலம்வரை இதுவேதான் மனசில்.

அண்ணன் வந்ததும் அவரைச் சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை, சொல்லிவிட்டேன். "இன்னைக்கு வந்துச்சு அண்ணே. அது ஓடிட்டிருக்கும்போது."

தூணைப் பிடித்துக்கொண்டார். "எங்கே விழுந்தே?"

காட்டினேன். அங்கே போய் நின்றார். ஓவன் கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"தானா நின்னுதா?"

"தானாத்தான்."

என் கை இரண்டையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்பு உள்ள கையை இத்தனை வருஷத்தில் அவர் தொட்டதில்லை. பிறகு தட்டு எடுத்துவரச் சொன்னார். ஆறிய சோறு, மாங்காய் ஊறுகாய். பாதி சாப்பிட்டபின் குனிந்தபடியே, "உப்பு பத்தல," என்றார்.

ஜூலை 21, செவ்வாய்

அண்ணன் லீவு போட்டுவிட்டார். மேஜையின் நாலு மூலைக்கும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். பரணிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையை இறக்கி ஓவன் முன்னால் தரையில் விரித்தார். நடக்கக் கால் தடுக்குகிறது.

"திருகும்போது இதுமேல நின்னுக்கோ," என்றார். அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனோம். மாத்திரை அளவு கூட்டியிருக்கிறார்.

ஜூலை 29, புதன்

பெண் குழந்தை. இருவரும் நலம். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்து வந்தார். ரவை பாயசம் வைத்தேன். பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

வெயில். அண்ணி குழந்தையோடு வந்தாள். வாசலில் ஆரத்தி சேச்சி எடுத்தாள். அண்ணி கூடத்துக்குள் வந்ததும் மெத்தையைப் பார்த்து நின்றாள்.

"இது எதுக்கு இங்க?"

"சாந்தா விழுந்தா அடிபடாம இருக்க," என்றார் அண்ணன்.

குழந்தை சிணுங்கியது. எடு எடு என்று என் கை பரபரத்தது, குழந்தையைத் தரச்சொல்லிக் கேட்கவில்லை. பின்கட்டுக்கு நகரப் போனேன்.

"சாந்தா."

நின்றேன்.

"எனக்குக் கஞ்சி வேணும்போல இருக்கு. இதுல வைக்க முடியுமா?"

முடியும், ஆனால் பொங்கும், பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்றேன்.

"நில்லு. நான் இங்கயே இருக்கேன்," என்று குழந்தையோடு மெத்தையில் உட்கார்ந்தாள்.