பட்டியலில் உன் தாத்தாவின் புத்தகம்

அன்னெலி,

நேற்று வேகவைத்த உருளைக்கிழங்கை மூடி வைத்திருக்கிறேன். துருவி வறுத்துச் சாப்பிடு. எனக்காகக் காத்திருக்காதே.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் திருச்சபையைச் சீர்திருத்திய ஸ்விங்லியின் வாழ்க்கையையும் போதனையையும் அறிய நம்பி வாசிக்கத்தக்க நூல்கள் என்று சபைக்காக நீ எழுதிய பட்டியலை நானே சபைக்கு எடுத்துப்போகிறேன். அதில் உன் தாத்தாவின் புத்தகத்தை நீ சேர்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் இதே சபையில் போதகராக இருந்தவர் அவர்.

"கறி தின்னக்கூடாத லெந்து நாள்ல அச்சுக்காரர் வீட்டுல எல்லாரும் சாசேஜ் தின்னப்போ ஸ்விங்லி தொடவே இல்லப்பா. தாத்தா புத்தகத்துல மட்டும் நம்ம முன்னோர் ஒருத்தர் தட்ட நீட்டினாராம், ஸ்விங்லி வாங்கித் தின்னாராம்! இதுக்குச் சாட்சி யாரு, அந்தச் சாசேஜா?" என்று விருந்தாளிகள் முன் கேட்டாய். அவர்கள் சிரித்தார்கள். நீ வெளியே போனதும் அந்தப் புத்தகத்தின் பெயரைப் பட்டியலின் தலையில் நானே மையால் எழுதினேன்.

இன்று காலை ஆவணக் காப்பகத்தில் அச்சுக்காரர் வீட்டு விருந்தைப் பற்றிய பழைய விசாரணைப் பதிவை வாசித்தேன். ஸ்விங்லி தின்னவில்லை. நம் முன்னோர் அங்கே இருந்ததாகவே இல்லை. நீ சொன்னது சரி. சொன்ன விதம் சரியல்ல; அதை நான் மறக்கமாட்டேன்.

சாவி மேல்வீட்டு வ்ரேனியிடம்.

அப்பா

பி.கு. தலையில் எழுதிய பெயரை நானே அடித்துவிட்டேன். வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்று பின்னால் ஓடி வராதே. அடித்தது அவருடைய மகன்தான் என்று சபை பார்க்கட்டும்.