காரியக்காரர் வந்து அவிழ்க்காத முடிச்சு

அம்மா,

இன்றைக்கும் முதல் வேலையாக ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். அந்துருண்டை வாசம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் பச்சை நூல்சேலை இருக்கிறது. அதன் முந்தானையில் நீ போட்ட முடிச்சும் இருக்கிறது. போன மழையில் எலி ஓரத்தைக் கடித்ததிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. நீ பாட்டுக்குப் போய்விட்டாய், காவல் வேலை என் தலையில்.

விஷக்கடி என்றால் சுற்றுவட்டாரமே உன்னிடம்தான் ஓடி வரும். யார் எவர் என்று கேட்காமல், மந்திரம் சொல்லி முந்தானையில் முடிச்சுப் போடுவாய். எங்கோ கிடக்கிறவர் உடம்பில் ஏறிய விஷம் ஏறினபடி நின்றுவிடும். முடிச்சு இருக்கிறவரை சாவு அண்டாது. பிழைத்தவர் தானே வந்து, தன் கையால் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் விஷம் இறங்கிவிடும், பிறகு அவரவர் காலம் அவரவருக்கு. வேறு யார் அவிழ்த்தாலும், முடிச்சு தானே அறுந்தாலும் உயிர் போய்விடும். "பேரைக் கேட்டா கை தயங்கும்டி" என்பாய்.

ஆட்சி மாறி, ரூபாய்க்குப் படி அரிசி என்று டீக்கடையெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. நம் தெரு கூலியை உயர்த்திக் கேட்டு அறுப்புக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது. பண்ணையாரின் நிலபுலனையெல்லாம் பார்த்துக்கொண்ட காரியக்காரர், அறுக்க வெளியூர் ஆட்களை இறக்கினார். தடுக்கப் போன மாமாவை, உன் ஒரே தம்பியை, வாய்க்கால் கரையில் அடித்தே கொன்றார்கள். அடிக்கச் சொல்லிக் கை காட்டியவர் காரியக்காரர். நீயே பார்த்தாய்.

மாமாவுக்குக் கருமாதிகூட முடியவில்லை, அறுக்க வந்த வெளியூர் ஆள் ஒருத்தர் மூச்சிரைக்க வந்து நின்றார். "வயல்ல பாம்பு கடிச்சிடுச்சுங்க." நீ முடிச்சுப் போட்டுவிட்டாய். போட்ட பிறகுதான் சொன்னார், கடிபட்டது காரியக்காரர் என்று.

தெருவே நம் வாசலுக்கு வந்துவிட்டது. மாமாவின் பெண்சாதி, அத்தை, உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க ஒண்ணும் கொல்ல வேணாம் அண்ணி, சும்மா அவுத்து மட்டும் விடுங்க." உன் விரல் முடிச்சின் மேலேயே இருந்தது. அவிழ்த்துவிடு என்றுதான் நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்காக இப்போதும் எனக்கு வெட்கமில்லை.

கடைசியில் அத்தையிடம் சொன்னாய்: "கட்டும்போது தம்பிய நெனச்சுக் கட்டல. அவுக்கும்போது மட்டும் நெனச்சேன்னா, இது மந்திரம் இல்லடி, அருவா." சாகும்வரை அத்தை உன்னோடு பேசவில்லை.

காரியக்காரர் பிழைத்தார். ஆனால் அவிழ்க்க வரவில்லை. அவராவது, நம் தெருவுக்குள் கால் வைத்து உன் சேலையைத் தொடுவதாவது. உனக்கு இருந்ததே இரண்டு சேலை. அதில் ஒன்றை மடித்துப் பெட்டியில் போட்டாய்.

போன வாரம் அவர் மகன் நம் பழைய ஊரிலிருந்து பஸ் ஏறி, என் வாசலில் வந்து நின்றார். "அப்பா படுத்த படுக்கையா கெடக்காங்க, உசுரு போக மாட்டேங்குது. நீங்க அவுத்து விட்டா நல்லபடியா போயிருவாங்க." அன்றைக்கு அத்தை கேட்டதையே இவரும் கேட்கிறார், இரக்கம் என்று வேறு பேர் வைத்து. நான் அவிழ்த்தால் அது இரக்கமா, மாமாவுக்காகப் பழி வாங்குவதா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை அம்மா. "கடிபட்டவங்கதான் அவுக்கணும், நானே கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டுக் கூடம்வரை போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பேச்சில்லை, கண் மட்டும் சேலையிலேயே இருந்தது. முந்தானையை அவர் கையில் வைத்தேன். "அவுத்துருங்கப்பா" என்று மகன் குனிந்து சொன்னார். மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் அசைந்தன. முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை இறுக்கிப் பிடித்து, என் மடியை நோக்கித் தள்ளினார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த மனுஷனுக்கு இன்னும் வாழ ஆசை. மாமாவுக்கும் இருந்திருக்கும். பஸ்ஸில் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, கோபத்தில் ஊர் வரும்வரை அழுதேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைத்திருக்கிறேன். சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். நீ பேர் கேட்காமல் கட்டினாய். நான் பேர் தெரிந்தே காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். இதில் எது கஷ்டம் என்று நீயே சொல்.